போர்டிங் கோடாலி: சேகரிக்கத் தொடங்குகிறவர்களுக்கு ஒரு வழிகாட்டி

பாய்மரப் போர்க்கப்பல் காலத்து ஆயுதங்கள் என்றால் எல்லோருக்கும் வளைந்த வாளும் கைத்துப்பாக்கியும்தான் நினைவுக்கு வரும். அதே கப்பல்களில், அதே மாலுமிகளின் இடுப்பில் ஒரு சிறிய கோடாலியும் தொங்கியது. ஒரு பக்கம் வெட்டும் வாய், மறுபக்கம் கூரான அலகு, கீழே மரக்காம்பு. எதிரிக் கப்பலில் பாய்ந்தேறும் சண்டையோடு சேர்த்துப் பேசப்பட்டதால் போர்டிங் கோடாலி என்ற பெயர் நிலைத்துவிட்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதிவரை ஐரோப்பிய, அமெரிக்கக் கடற்படைகளில் இது புழக்கத்தில் இருந்தது.

வாளோடு ஒப்பிட்டால் இதைப் பற்றிய எழுத்து குறைவு. போலிகள் நிறைய. வேறு ஏதோ ஒரு கோடாலி இந்தப் பெயரில் விற்கப்படுவது அதைவிட நிறைய. புதிதாக வருகிறவர் ஒரு தீயணைப்புக் கோடாலியைக் கப்பல் கோடாலியின் விலைக்கு வாங்கிவிடக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன். என் அனுபவத்தில் அதற்கு ஒரே வழிதான் உண்டு. இதை ஆயுதமாகப் பார்ப்பதற்கு முன் வேலைக்கருவியாகப் பாருங்கள். என்ன வேலைக்குச் செய்தார்கள் என்று தெரிந்துவிட்டால், கையில் இருப்பது அந்த வேலைக்கு உதவுமா உதவாதா என்று கண்ணே சொல்லிவிடும்.

1. கப்பலில் அதற்கு என்ன வேலை என்று தெரிந்துகொள்ளுங்கள்

வில்லியம் பால்கனர் 1769இல் வெளியிட்ட கடல் அகராதி இந்தக் கோடாலிக்கு முதல் வேலையாகச் சொல்வது கயிறு வெட்டுவதைத்தான். நம் கப்பலில் ஏற வருகிற எதிரியின் பாய்க்கயிறுகளை அறுத்தெறிய இது பயன்பட்டது என்கிறது. எதிரிக் கப்பல் உயரமாக இருந்தால், அதன் பக்கவாட்டு மரத்தில் கோடாலிகளின் அலகை ஒன்றன்மேல் ஒன்றாகக் குத்தி ஏணிபோல ஏறுவதும் சில சமயம் உண்டு என்று அடுத்தபடியாகத்தான் குறிப்பிடுகிறது. ஏல விளம்பரங்கள் இந்த இரண்டாவது செய்தியை மட்டும் எடுத்துக்கொண்டு பெரிதாக ஊதுகின்றன. பீரங்கி வாசல்களும் கயிறுகளும் நிறைந்த கப்பலின் பக்கவாட்டில் ஏறுவதற்கு வேறு பிடிமானங்கள் ஏராளமாக இருந்தன. ஏணி வேலையை அன்றாட வழக்கமாக நான் எடுத்துக்கொள்வதில்லை.

கயிறு வெட்டுவது ஏன் அவ்வளவு முக்கியம்? 1805 அக்டோபர் 21இல் நடந்த டிரஃபால்கர் போரில் பிரிட்டனின் பெல்லைல் கப்பலை எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று பாய்மரங்களும் அடுத்தடுத்து முறிந்து விழுந்தன. ஒரு பாய்மரம் தனியாக விழாது. அதோடு பாய்களும், குறுக்குக் கட்டைகளும், கயிறுகளும் சேர்ந்து சரிந்து கப்பலின் பக்கத்தில் தொங்கும். பெல்லைலில் அந்தக் குவியல் பீரங்கி வாசல்களையே மூடிவிட்டது. அதற்குப் பின்னாலிருந்து சுட்டால் தொங்கும் பாயில் தீப்பிடிக்கும். சுடாமல் இருந்தால் எதிரி அடித்துக்கொண்டே இருப்பான். இப்படிப்பட்ட நேரத்தில் ஒரு கப்பலைக் காப்பாற்றுவது, தார் பூசிய தடித்த கயிறுகளை மளமளவென்று வெட்டித் தள்ளக்கூடிய கோடாலிதான்.

இந்தக் காட்சி நம் பக்கத்துக் கடலிலும் நடந்திருக்கிறது. 1782 ஏப்ரல் 12இல் இலங்கையின் கிழக்குக் கரையில், திருகோணமலைக்குத் தெற்கே, ஹியூஸின் ஆங்கிலேயக் கப்பல்களும் சஃப்ரேனின் பிரெஞ்சுக் கப்பல்களும் மோதின. அந்தப் புரொவிடியன் போரில் மன்மத் என்ற ஆங்கிலேயக் கப்பல் நடுப் பாய்மரத்தையும் பின் பாய்மரத்தையும் இழந்தது.

அடுத்த வேலை தீ. கரைக் கோட்டைகளிலிருந்து உலையில் சிவக்கக் காய்ச்சிய குண்டுகளைச் சுடுவார்கள். 1782 செப்டம்பர் 13இல் ஜிப்ரால்டரில் ஸ்பானிய மிதக்கும் பீரங்கி மேடைகள் அப்படித்தான் எரிந்து போயின. மரத்தில் பதிந்த குண்டை உடனே நோண்டி எடுக்க வேண்டும். எரியும் பலகையைக் குத்தி இழுத்துக் கடலில் தள்ள வேண்டும். கோடாலியின் கூரலகும், சில கோடாலிகளில் வெட்டுவாயின் அடியில் இருக்கும் பல்வெட்டுகளும் இந்தக் குத்தி இழுக்கும் வேலைக்கு மிகவும் பொருத்தமானவை.

மூன்றாவதாகத்தான் கைகலப்பு. 1800 அக்டோபர் 7இல் வங்காள விரிகுடாவில், கங்கை முகத்துவாரத்துக்கு அருகே, பிரெஞ்சுக்காரரான ராபர்ட் சுர்கூஃப் தன் சிறிய கான்பியான்ஸ் கப்பலைக் கொண்டுபோய்க் கென்ட் என்ற பெரிய ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனிக் கப்பலோடு உரசவைத்து, ஆட்களை ஏற்றியே அதைப் பிடித்தார். 1813 ஜூன் 1இல் பாஸ்டனுக்கு வெளியே பிரிட்டனின் ஷானன் கப்பலும் அமெரிக்காவின் செசபீக் கப்பலும் கால்மணி நேரம் மோதிய சண்டையும் ஏறிப் பிடித்துத்தான் முடிந்தது. இரண்டு கப்பல்களையும் சேர்த்துக் கட்டப் போன ஷானனின் மாலுமித் தலைவர் ஸ்டீவன்ஸின் கை வெட்டப்பட்டது என்று சொல்வார்கள். இத்தகைய சண்டையில் ஒரு தரப்பு கட்டப் பார்க்கும், மறு தரப்பு வெட்டிவிடப் பார்க்கும். எறிந்து பற்றும் கொக்கிகளில் கொக்கியை ஒட்டிய பகுதிக்குக் கயிறு போடாமல் சங்கிலி போட்டது எதிரியின் கோடாலிக்குப் பயந்துதான்.

2. பாகங்களை ஒவ்வொன்றாகப் பாருங்கள்

படத்தில் முழுக் கோடாலியைப் பார்த்து ரசிப்பது பிறகு இருக்கட்டும். முதலில் தலையும் காம்பும் சேருகிற இடத்துக்குப் போங்கள். நல்ல கப்பல் கோடாலிகள் பலவற்றில் தலையிலிருந்து காம்பின் இருபுறமும் இரண்டு நீளமான இரும்புப் பட்டைகள் இறங்கிவரும். காம்பின் குறுக்கே ரிவெட் அடித்து அவற்றை இறுக்கியிருப்பார்கள். இருட்டில், ஆடுகிற மேல்தளத்தில் அவசரமாக ஓங்கி வெட்டும்போது குறி தவறினால் அடி காம்பில்தான் விழும். காம்பு முறியாமலும் தலை கழன்று பறக்காமலும் காக்கிறவை இந்தப் பட்டைகள். இவை இல்லாத அசல் கோடாலிகளும் உண்டு. எனவே பட்டை இல்லை என்பதற்காகவே ஒன்றை ஒதுக்கிவிட வேண்டாம்.

பட்டையின் ஓரத்தில் டார்ச்சைச் சாய்வாகப் பிடித்துப் பாருங்கள். பழைய காம்பு என்றால் மரம் வற்றிச் சுருங்கியிருக்கும். பட்டைக்கும் மரத்துக்கும் இடையே மயிரிழை இடைவெளி தெரியும், அதில் பழைய அழுக்கும் எண்ணெயும் கறுத்துக் கெட்டியாக இறுகியிருக்கும். ரிவெட் தலையைச் சுற்றி இரும்பின் கறை மரத்துக்குள் இறங்கியிருக்கும். காம்பு மாற்றப்பட்டிருந்தால் பட்டைத் துளைக்கு நேராக ரிவெட் உட்காராமல் சற்று விலகி நிற்கும், அல்லது பழைய துளையை அடைத்த தடம் இருக்கும். காம்பு மாற்றியது குற்றமில்லை. கப்பலிலேயே மாற்றியிருக்கலாம். விலை பேசும்போது மட்டும் அது கணக்கில் வர வேண்டும்.

சிலவற்றில் ஒரு பக்கப் பட்டையோடு இடுப்பில் மாட்டும் கொக்கி இருக்கும். இரண்டு கையும் கயிற்றுக்குத் தேவைப்படுகிற மாலுமிக்கு இது எவ்வளவு வசதி என்று யோசித்துப் பாருங்கள். இந்தக் கொக்கி இருந்தால் அது கடற்படைக்கான வலுவான அடையாளம். அதனாலேயே சாதாரணக் கோடாலியில் புதுக் கொக்கி வைத்து விற்பதும் நடக்கிறது. வெட்டுவாயையும் கவனியுங்கள். பழைய கோடாலிகளில் உடல் இரும்பாகவும் விளிம்பு மட்டும் எஃகாகவும் உலையில் அடித்து ஒட்டியிருப்பார்கள். துருவுக்கு நடுவில் அந்த ஒட்டின் கோடு வாயிலிருந்து சற்று உள்ளே மங்கலாகத் தெரிவதுண்டு.

3. எந்த நாடு என்று பிரித்துப் பாருங்கள்

பிரெஞ்சுக் கடற்படை 1833இல் ஏற்ற வடிவம், அதாவது 1833 மாதிரி, ஆரம்பக்காரர்களுக்கு ஏற்றது. ஒரே அச்சில் வார்த்ததுபோல் சீராக இருக்கும். அலகு கீழ்நோக்கி வளைந்திருக்கும், இடுப்புக் கொக்கி இருக்கும், நங்கூர முத்திரையைத் தேடலாம். அதே ஆண்டு மாதிரியில் வாளும் வந்ததால் இரண்டையும் சேர்த்து வைக்க விரும்புகிறவர்கள் பலர்.

பிரிட்டிஷ் கோடாலிகளில் தேட வேண்டியது அகன்ற அம்புக்குறி. கோழிக்கால் பதிந்ததுபோல் மூன்று கோடு ஒரு புள்ளியில் சேரும். இங்கே ஒரு எச்சரிக்கை உண்டு. அது அரசாங்கச் சொத்து என்பதற்கான குறி, கடற்படைக்கு மட்டும் உரியதல்ல. தரைப்படையின் மண்வெட்டியிலும் அது இருக்கும். அம்போடு டபிள்யூ டி (போர்த்துறை, War Department) என்ற எழுத்துகள் இருந்தால் 1855க்குப் பிந்தையது. பி ஓ (படைக்கல வாரியம், Board of Ordnance) என்று இருந்தால் பொதுவாக அதற்கு முந்தையது. அம்பு ஆங்கில சி எழுத்துக்குள் இருந்தால் கனடா, இரண்டு டி எழுத்துகளுக்கு நடுவே இருந்தால் ஆஸ்திரேலியா, ஐ எழுத்தோடு சேர்ந்திருந்தால் இந்தியா. இரண்டு அம்புகள் முனையோடு முனை முட்டினால், அரசு தன் இருப்பிலிருந்து கழித்து விற்ற பொருள் என்று பொருள். பிரிட்டிஷ் வகையில் 1859 மாதிரியும் அதற்குப் பின் வந்தவையும்தான் பெரும்பாலும் கண்ணில் படும். டிரஃபால்கரில் பிரிட்டிஷ் கப்பல்களுக்குத் தலைமை தாங்கிய நெல்சன் காலத்துக் கோடாலி என்று யாராவது சொன்னால் இரண்டு மடங்கு எச்சரிக்கையாக இருங்கள்.

அமெரிக்கக் கோடாலிகளில் வெட்டுவாயின் அடிப்புறத்தில் அரிவாள் பல் வெட்டியதுபோன்ற பல்வெட்டுகள் நல்ல அடையாளம். டென்மார்க், ஸ்வீடன், நெதர்லாந்து ஆகிய கடற்படைகளும் தங்களுக்கென்று கோடாலிகள் வைத்திருந்தன. இவற்றுக்குள் முதலிலேயே இறங்க வேண்டாம். ஒரு நாட்டை எடுத்து, அதன் மாதிரிகள் கண்ணுக்குப் பழகிய பிறகு அடுத்ததுக்குப் போவதுதான் நல்லது.

4. கடற்படைக் கோடாலி அல்லாதவற்றை அடையாளம் காணப் பழகுங்கள்

என்னைக் கேட்டால் முழு நேரத்தில் பாதியை இதற்கே கொடுக்கலாம். விற்பனைக்கு வரும் கப்பல் கோடாலிகளில் பெரும்பாலானவை நேர்மையான வேறு கோடாலிகள். அவற்றின் மேல் தவறு ஒன்றும் இல்லை, மேலே ஒட்டிய பெயர்தான் தவறு.

தீயணைப்பு வீரர் கோடாலி முதல் சந்தேகக் கைதி. வாய், அலகு, கைப்பிடி எல்லாம் அதே அமைப்பு. எரியும் கட்டடத்தில் செய்யும் வேலையும் எரியும் கப்பலில் செய்யும் வேலையும் ஏறக்குறைய ஒன்றுதானே. இரண்டாம் உலகப்போர்க் கால பிரிட்டிஷ் தீயணைப்புக் கோடாலிகளில் மின்சாரம் தாக்காமலிருக்க ரப்பர் பிடியும், எத்தனை வோல்ட் தாங்கும் என்று சோதித்த குறிப்பும், ஆண்டும் பொறித்திருப்பது உண்டு. அவை வந்தவுடன் தெரிந்துவிடும். மரக்காம்பு போட்ட பழைய தீயணைப்புக் கோடாலிகளில்தான் சிக்கல். அவற்றின் தலை பெரும்பாலும் இயந்திரத்தில் வார்த்தெடுத்த வழவழப்போடு இருக்கும், அலகு நேராக இருக்கும், பட்டைகள் குட்டையாக இருக்கும் அல்லது இருக்கவே இருக்காது.

விமானத்திலிருந்து தப்பிக்க வைத்திருந்த சிறு கோடாலிகள், வட அமெரிக்கப் பழங்குடிகளோடு வணிகத்தில் புழங்கிய அலகுள்ள டொமஹாக்குகள், பனிக்கட்டி உடைக்கும் கோடாலிகள், கூரை வேய்பவர்களின் கோடாலிகள், இந்தியாவின் தபர் என்னும் போர்க்கோடரி ஆகிய எல்லாமே இந்தப் பெயரில் ஏலத்தில் வந்துவிடும். தபர் தன் சொந்தப் பெயரிலேயே மிக மதிப்புள்ள பொருள், அதற்கு இரவல் பெயர் தேவையில்லை.

அடுத்து, வேண்டுமென்றே செய்த போலிகள். பழைய கைக்கோடாலி ஒன்றை எடுத்து, அதன் பின்தலையில் கூரான இரும்பை மின்வெல்டிங்கில் ஒட்டி, அமிலத்தில் முக்கித் துருவேற்றுவார்கள். இதைப் பிடிக்க அலகு தலையோடு சேரும் மூலையை உருப்பெருக்கிக் கண்ணாடியில் பாருங்கள். வெல்டிங் குழம்பை அரத்தால் தேய்த்துச் சமன்படுத்திய தடம் அங்கேதான் மாட்டும். துருவின் நிறமும் உதவும். நூறு ஆண்டுத் துரு கறுப்பும் பழுப்பும் கலந்து கெட்டியாக, இடத்துக்கு இடம் வேறுபட்டிருக்கும். அமிலத் துரு எங்கும் ஒரே மாதிரி ஆரஞ்சாக இருந்து விரலில் ஒட்டும்.

முத்திரையிலும் இதே சோதனைதான். அசல் முத்திரையின் பள்ளத்தின் அடியிலும் சுற்றியுள்ள இரும்பிலும் ஒரே பழமை இருக்கும். புதிதாக அடித்த அம்பு, இருந்த துருவைக் கிழித்துக்கொண்டு இறங்கியிருக்கும், அதன் உதடுகள் கூர்மையாக நிமிர்ந்திருக்கும். பட்டையில் ரிவெட்டுக்குப் பதில் கூட்டல்குறித் திருகு இருந்தால், அது இருபதாம் நூற்றாண்டு வேலை என்று எடுத்துக்கொள்ளலாம்.

5. வாங்குவதற்கு முன் அருங்காட்சியகங்களில் கண்ணைப் பழக்குங்கள்

கிரீனிச்சிலுள்ள தேசியக் கடல்சார் அருங்காட்சியகம் தன் சேகரிப்பை இணையத்தில் படங்களோடு வைத்திருக்கிறது. பாரிஸில் ஷாயோ மாளிகையிலுள்ள கடற்படை அருங்காட்சியகம் 2023 நவம்பரில் புதுப்பொலிவோடு திறந்தது. பாஸ்டனில் கான்ஸ்டிடியூஷன் என்ற பழைய அமெரிக்கப் போர்க்கப்பலோடு சேர்ந்த அருங்காட்சியகம் உண்டு. போர்ட்ஸ்மத்தில் நெல்சனின் விக்டரி கப்பலிலேயே நடக்கலாம். லண்டனிலோ பாரிஸிலோ வாழும் தமிழர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமையை இதற்கு ஒதுக்கினால் எந்தப் புத்தகமும் தராத பயிற்சி கிடைக்கும். அருங்காட்சியகப் படங்களைக் கைபேசியில் நாடுவாரியாகச் சேமித்து வையுங்கள். விற்பனைக்கு வருவதை அவற்றோடு ஒப்பிடுங்கள்.

6. விலை பேசும்போது

தலையின் இருபுறம், மேல், கீழ், காம்பு நுழையும் துளைக்குள், பட்டை ஓரம், காம்பின் அடி, முத்திரை ஆகிய ஒவ்வொன்றுக்கும் தனிப் படம் கேளுங்கள். எடையும் மொத்த நீளமும் கேளுங்கள். நேர்மையான விற்பனையாளர் இதற்குச் சலிக்கமாட்டார். எங்கிருந்து வந்தது என்ற கேள்விக்கு வரும் பதில் ஒரு ரசீது, பழைய ஏலப் பட்டியல், குடும்பக் கடிதம் போன்ற காகிதமாக இருந்தால் அதற்குக் கூடுதல் விலை கொடுக்கலாம். வெறும் வாய்ப்பேச்சாக இருந்தால், அது டிரஃபால்கரே ஆனாலும், அதற்கென்று ஒரு ரூபாய்கூட ஏற்ற வேண்டாம்.

ஏலத்தில் சுத்தியல் விழுந்த தொகை முழு விலை ஆகாது. வாங்குபவரிடம் ஏல நிறுவனம் வசூலிக்கும் கட்டணம் பல இடங்களில் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேலே போகும். அனுப்பும் செலவும் சுங்கமும் அதன் மேல் ஏறும்.

கடலடிச் சிதைவுகளிலிருந்து எடுத்தது என்று விற்கப்படுவதை நான் வாங்கமாட்டேன், நீங்களும் வாங்க வேண்டாம் என்று மனதாரக் கேட்டுக்கொள்கிறேன். மூழ்கிய கப்பல் பலருக்குக் கல்லறை. நீரடிப் பண்பாட்டு மரபைக் காப்பதற்கென்றே யுனெஸ்கோ 2001இல் ஒரு உடன்படிக்கை கொண்டுவந்தது. நடைமுறையிலும் அந்த இரும்பு உப்பை உறிஞ்சியிருக்கும், ஆய்வகச் சிகிச்சை இல்லாவிட்டால் வீட்டு அலமாரியிலேயே உரிந்து உதிர்ந்துவிடும்.

7. சட்டத்தை முதலில் முடித்துக்கொள்ளுங்கள்

இந்தியாவில் இருப்பவர்கள் இந்தப் பகுதியைத் தாண்டிப் போக வேண்டாம். 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டமும் 2016ஆம் ஆண்டு ஆயுத விதிகளும் துப்பாக்கிக்கு மட்டுமானவை அல்ல. விதிகளின் பட்டியலில் ஐந்தாம் வகையில் வாள், ஈட்டி இவற்றோடு போர்க்கோடரியும் இருக்கிறது. 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள வெட்டுவாய்கள், வீட்டு, விவசாய, தொழில் பயன்பாட்டுக்கானவை நீங்கலாக, அதில் அடங்கும். வெளிநாட்டிலிருந்து ஆயுதம் கொண்டுவர உரிமம் வேண்டும் என்று சட்டத்தின் 10ஆம் பிரிவு சொல்கிறது. எனவே வெளிநாட்டு ஏலத்தில் பணம் கட்டிவிட்டுப் பிறகு யோசிப்பது கூடாது. வழக்கறிஞரிடமும் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்திலும் எழுத்துமூலம் தெளிவு பெற்ற பிறகே கை வையுங்கள்.

உள்நாட்டிலேயே பழைய துண்டு ஒன்று கிடைத்தால் 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டமும் சேர்ந்துகொள்ளும். 100 ஆண்டுக்கு மேற்பட்ட பொருள் தொல்பொருளாகும். அதைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது, அதில் வணிகம் செய்ய உரிமம் வேண்டும். வெளிநாடுகளில் வாழ்கிறவர்கள் அந்தந்த நாட்டு விதியைப் பாருங்கள். பழம்பொருளுக்குச் சலுகை இருக்கிற இடத்திலும் தெருவில் எடுத்துக்கொண்டு நடக்கச் சலுகை இருக்காது.

8. வீட்டுக்கு வந்த பிறகு

உப்புத்தாள் போட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்கும் ஆசையை அடக்குங்கள். அந்தக் கறுப்புப் படலம் போனால் மதிப்பும் போகும், முத்திரையும் மங்கும், திரும்ப வராது. தளர்வான செந்துருவை மட்டும் மெஷின் ஆயில் தொட்ட மென்மையான வெண்கலக் கம்பிப் பஞ்சால் மெல்லத் துடைத்தெடுங்கள். எண்ணெயைத் துணியால் ஒற்றி எடுத்த பிறகு மைக்ரோகிரிஸ்டலைன் மெழுகை மெல்லிசாகப் பூசுங்கள். அருவாளுக்குத் தேங்காய் எண்ணெய் தடவும் பழக்கத்தை இங்கே கொண்டுவர வேண்டாம். சமையல் எண்ணெய்கள் நாளடைவில் கெட்டுப் பிசுபிசுத்துத் தூசியைப் பிடித்துக்கொள்ளும். காம்புக்கு ஆளிவிதை எண்ணெயில் சில துளி போதும். தலை ஆடுகிறது என்பதற்காகத் தண்ணீரில் ஊறவைப்பது விறகுக் கோடாலிக்குத்தான், இதற்கு அல்ல.

வெறுங்கையால் தொட்டால் வியர்வை உப்பு கைரேகை வடிவிலேயே துருவாகும். கையுறை போடுங்கள். தோல் உறையிலோ பிளாஸ்டிக் பையிலோ மூடி வைக்காதீர்கள். கடற்கரை ஊர்களில் கண்ணாடிப் பெட்டியும் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல்லும் அவசியம், மழைக்காலத்தில் ஜெல்லை அடிக்கடி காயவைத்து மாற்றுங்கள்.

ஒவ்வொரு கோடாலிக்கும் ஒரு தாள் எழுதுங்கள். நீளம், எடை, முத்திரையின் படம், எங்கே யாரிடம் வாங்கியது, என்ன விலை, நீங்கள் என்ன செய்து சுத்தம் செய்தீர்கள் என்று எல்லாம் அதில் இருக்கட்டும். எது உறுதி, எது உங்கள் ஊகம் என்று தனித்தனியாகக் குறியுங்கள். கோடாலியை யாருக்காவது கொடுக்கும்போது அந்தத் தாளையும் சேர்த்தே கொடுங்கள்.